கிளிப் தளத்தை மட்டமாக்காது: டைல் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், டைல் பதிக்கும்போது விளிம்புகளை ஒரே உயரத்தில் பிடிக்க இடையில் செருகும் டைல் லெவலிங் கிளிப் பற்றியவை. மாரி மழைக்கு முன் வீட்டு வேலையை முடிக்கும் அவசரம் போல.

உவர்மலை: 10க்கு 12 அடி அறை, 2 அடி டைல். எத்தனை கிளிப் வாங்க வேண்டும்?

30 டைல். பக்கத்துக்கு இரண்டு கிளிப், அதைப் பக்கத்து டைலும் பங்கு போடும். ஆகவே டைலுக்கு நான்கு, மொத்தம் 120. உடைவதற்கும் சேர்த்து 130 வாங்குங்கள். மூலையிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளிச் செருக வேண்டும். கிளிப் ஒருமுறைக்குத்தான், அதில் செருகி இறுக்கும் ஆப்பைக் கழுவி வைத்தால் அடுத்த அறைக்கும் உதவும்.

ஊர் எழுதாத கடிதம்: நல்ல கிளிப் எது?

என்ன டைல், எத்தனை அடி, தடிப்பு என்ன? ஒன்றும் எழுதாமல் கேட்டால் நான் சாத்திரமா பார்ப்பது? சாதாரண கிளிப் 3 முதல் 12 மில்லிமீற்றர் தடிப்புக்கு. முற்றத்துக்குப் போடும் 20 மில்லிமீற்றர் டைலுக்கு உயரமானது வேறு. பெட்டியைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

நிலாவெளி: ஆப்பு, திருகு, ஊசி என்று மூன்று வகை காட்டுகிறார்கள். எது?

ஆப்பு வகை வேகமானது, மலிவு. ஆனால் குறட்டால் அளவுக்கு மீறி இறுக்கினால் கிளிப் அறும். திருகு வகையில் கை கட்டுப்பாட்டில் இருக்கும், நேரம் பிடிக்கும். இரும்பு ஊசி வைத்த வகையைத் திரும்பத் திரும்பப் பாவிக்கலாம் என்பார்கள். உங்கள் வீடு கடற்கரையில். சாந்து ஒட்டிய ஊசியைக் கழுவாமல் போட்டுவைத்தால் உப்புக்காற்று விடாது. புதிய மேசன் என்றால் திருகு, பழகியவர் என்றால் ஆப்பு.

கிண்ணியா: கிளிப் போட்டால் பழைய தளத்தை மட்டம் பார்க்கத் தேவையில்லை என்கிறார் மேசன். சரியா?

சரியில்லை. இதை எத்தனை முறை எழுதினாலும் தீராது. அடுத்தடுத்த இரண்டு டைலின் விளிம்பை ஒரே உயரத்தில் பிடித்து வைப்பது மட்டுமே கிளிப்பின் வேலை. தளம் குழியாக இருந்தால் டைலும் குழியாகத்தான் போகும், விளிம்பு மட்டும் அழகாக இருக்கும். 10 அடி நேரான அலுமினியச் சட்டத்தைத் தளத்தில் வையுங்கள். பெரிய டைலுக்கு 10 அடியில் 3 மில்லிமீற்றருக்கு மேல் ஏற்ற இறக்கம் கூடாது. கூடினால் முதலில் தளத்தைப் பூசி ஆற விடுங்கள்.

அதைவிடக் கெட்ட பழக்கம், டைலின் முதுகில் ஐந்து உருண்டைச் சாந்து வைத்து அமுக்குவது. பாலையூற்றில் ஒரு வீட்டு ஹோலில் நடந்தபோது காலடியில் டொக் டொக் என்றது. ஒரு டைலைக் கிளப்பினோம். நான்கு மூலையிலும் நடுவிலும் வடை தட்டியது போல ஐந்து சாந்து. மிச்ச இடம் கடையில் வாங்கியபோது இருந்த சுத்தத்தில். கிளிப் பதிந்த டைலை மேலே இழுக்கும், அடியில் சாந்து இல்லாவிட்டால் அங்கே வெற்றிடம். பிறகு குளிர்சாதனப் பெட்டியின் கால் அந்த மூலையில் நின்றால் டைல் வெடிக்கும். பல் வைத்த சாந்தகப்பையால் முழுத்தளத்துக்கும் ஒரே திசையில் இழுத்துப் பூசி, டைலின் முதுகிலும் மெல்லிசாகத் தடவச் சொல்லுங்கள். கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் நாளில் ஒரேயடியாகப் பூசி வைக்க வேண்டாம், மேலே தோல் பிடித்துவிடும். ஐந்தாறு டைலுக்கு ஒன்றைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மேசன் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

மூதூர்: மரப்பலகை மாதிரி நீள டைல். பாதிக்குப் பாதி மாற்றி வைத்தால் விளிம்பு இடிக்கிறது. கிளிப் சரிசெய்யுமா?

நீள டைல் சூளையிலிருந்து வரும்போதே நடுவில் சற்று வளைந்திருக்கும். பாதியில் மாற்றினால் ஒன்றின் மேடான நடுவும் மற்றதன் பதிந்த முனையும் சேரும். மூன்றில் ஒரு பங்கு மாற்றி வையுங்கள். மிச்சத்தைக் கிளிப் பார்த்துக்கொள்ளும். வாங்கும்போதே இரண்டு டைலை முகத்தோடு முகம் வைத்துப் பாருங்கள்.

திருக்கடலூர்: கிளிப்பை எப்போது உடைத்தெடுப்பது?

மறுநாள், சாந்து இறுகிய பிறகு. ரப்பர் சுத்தியலால் இடைவெளியின் நீளவாக்கில் தட்டுங்கள். குறுக்கே தட்டினால் டைலின் ஓரம் சிதறும். அதுவரை யாரும் மேலே நடக்கக் கூடாது, பிள்ளைகளும் பூனையும் உட்பட.

தம்பலகாமம்: குளியலறைக்கு 1 அடி டைல். கிளிப் போடவா?

வேண்டாம். அந்தக் காசுக்குச் சரிவைச் சரியாகப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் அது துவாரத்துக்கு ஓட வேண்டும், கதவுக்கு இல்லை.