பொருளாதாரம் சரிந்தால் மட்டக்களப்பு, அம்பாறை லொறித் தொழில் ஏன் முதலில் அடிபடுகிறது?

டீசல் விலைதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான்.

முதலில் அந்தப் பாதி. மட்டக்களப்பிலிருந்து கொழும்பு போய்வர ஏறக்குறைய 640 கிலோமீற்றர். லீற்றருக்கு 4 கிலோமீற்றர் ஓடும் லொறிக்கு 160 லீற்றர் வேண்டும். 2022 தொடக்கத்தில் டீசல் 121 ரூபாய். அப்போது செலவு 19,360. அதே ஆண்டு யூன் கடைசியில் 460 ரூபாய், செலவு 73,600. வாடகை அதே வேகத்தில் ஏறவில்லை.

மற்றப் பாதி, திரும்பும் லோடு. இங்கிருந்து நெல்லும் அரிசியும் போகும். கொழும்பு புறக்கோட்டைச் சந்தையிலிருந்து சீனி, மா, சீமெந்து வரும். போகும் லோடு செலவை அடைக்கும், திரும்பும் லோடுதான் இலாபம். சனம் வீடு கட்டுவதை நிறுத்தினால் சீமெந்து நிற்கும், லொறி வெறுமையாகத் திரும்பும். போகும் லோடும் நிச்சயமில்லை: 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்ததும் விளைச்சல் விழுந்தது, பெரும்போக அறுவடைக் காலத்து ஓட்டமும் குறைந்தது.

லொறி நின்றாலும் லீசிங் தவணை நிற்காது. அதனால் சிலர் கூடுதலாக ஏற்றுகிறார்கள், ஒயில் மாற்றுவதைத் தள்ளிப்போடுகிறார்கள். இது மிகப் பெரிய பிழை. முதலில் வில்லுத்தகடு உடையும், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். மிஞ்சிய காசு கராஜில் கரையும், உயிருக்கும் ஆபத்து.

வாடகையை டீசல் விலையோடு கட்டி எழுத்தில் பேசுங்கள். திரும்பும் லோடு உறுதியாகாமல் புறப்படாதீர்கள். தவணை தவறும் முன்பே லீசிங் கொம்பனியிடம் கால நீடிப்புக் கேளுங்கள். தவறிய பிறகு கேட்டால் தாமத வட்டியும் சேர்ந்துவிடும்.