சிங்கம் சொல்வது தரம், எழுத்து சொல்வது ஆண்டு

கேள்வி: பழைய வெள்ளி டீபாட் ஒன்றின் அடியில் நடக்கும் சிங்கம், நங்கூரம், ஓர் ஆங்கில எழுத்து, ஒரு மனிதத் தலை ஆகிய முத்திரைகள் உள்ளன. எந்த ஆண்டு செய்தது?

பதில்: சிங்கம் ஆண்டைச் சொல்லாது. ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்பதற்கான இங்கிலாந்தின் தர முத்திரை அது. 1544 முதல் இருக்கிறது. நங்கூரம், வெள்ளியின் தரத்தைச் சோதித்து முத்திரையிடும் பர்மிங்ஹாம் சோதனைக் கூடத்துடையது. அந்தக் கூடம் 1773-இல்தான் வந்தது. அதே ஆண்டு தொடங்கிய ஷெஃபீல்ட் கூடத்துக்கு 1974 வரை கிரீடம். லண்டனுக்குச் சிறுத்தைத் தலை.

உங்களுக்குப் பெரிய உதவி அந்த மனிதத் தலை. அரசருக்கு வரி கட்டியாயிற்று என்பதற்கு அடையாளமாக 1784 டிசம்பரிலிருந்து 1890 வரை அடித்தார்கள். தலை புடைப்பாக இல்லாமல் குழிவாக இருந்தால் 1784–86. விக்டோரியாவின் தலையானால் 1837-க்குப் பிறகு.

இனி எழுத்து. ஒரே எழுத்து சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வரும். ஆகவே எழுத்து எது என்பது மட்டும் போதாது. அது பெரிய எழுத்தா சிறியதா, எந்த வடிவம், சுற்றியுள்ள கேடயத்தின் விளிம்பு எப்படி வளைகிறது என்று பத்து மடங்கு லென்ஸில் பார்த்து, பர்மிங்ஹாமின் ஆண்டு எழுத்து அட்டவணையோடு மட்டும் ஒப்பிடுங்கள். லண்டன் அட்டவணையைப் புரட்டிவிட்டு இருபது, முப்பது ஆண்டு தவறுவதுதான் அடிக்கடி நடக்கிறது. பர்மிங்ஹாமில் அன்று எழுத்து ஜூலையில் மாறியது. அதனால் 1863–64 என்பதுபோல் இரண்டு ஆண்டுகளைச் சேர்த்து எழுதுவதே சரி.

மூடியையும் பாருங்கள். அதில் முழு வரிசை இல்லாமல் சிங்கமும் எழுத்தும் மட்டும் இருப்பது இயல்பு. ஆனால் அந்த எழுத்து அடிப்பாகத்து எழுத்தோடு பொருந்தவில்லை என்றால் ஒன்று மாற்றப்பட்டிருக்கும். அடிப்பாகத்து முத்திரைகள் மீது வாயால் ஆவி ஊதுங்கள். வேறு பொருளிலிருந்து முத்திரைத் துண்டை வெட்டிப் பதித்திருந்தால், பற்றவைத்த கோடு ஒரு நொடி தெரியும். தேய்ந்த முத்திரையைப் பாலிஷ் போட்டுத் தெளிவாக்க முயலவே வேண்டாம், உள்ளதும் போய்விடும். பக்கவாட்டில் டார்ச் வெளிச்சம் விழும்படி வைத்துப் படமெடுத்தால் போதும்.

கேள்வி: ஸ்பூன்களில் ‘ஈ.பி.என்.எஸ்.’ என்று இருக்கிறது. இதுவும் வெள்ளிதானே?

பதில்: அது ‘எலக்ட்ரோ பிளேட்டட் நிக்கல் சில்வர்’ என்பதன் சுருக்கம். மேலே வெள்ளி முலாம் மட்டும்தான். உள்ளே செம்பு, துத்தநாகம், நிக்கல் சேர்ந்த கலவை. ‘நிக்கல் சில்வர்’ என்று பெயர் இருந்தாலும் அதில் வெள்ளி கிடையாது. மின்முலாமுக்கு எல்கிங்டன் என்ற ஆங்கிலேய உற்பத்தியாளர் காப்புரிமை பெற்றது 1840-இல், எனவே உங்கள் ஸ்பூன்கள் அதற்கு முந்தியவை அல்ல. பெரிய பாத்திரங்களில் தேய்ந்த இடத்தில் செம்பின் சிவப்பு தெரிந்தால், விளிம்பையும் இணைப்பையும் பாருங்கள். செம்புத் தகட்டோடு வெள்ளித் தகட்டை இணைத்து உருட்டிய பழைய ஷெஃபீல்ட் வேலையானால் பக்கவாட்டில் ஓர் இணைப்புக் கோடு இருக்கும். செம்பு தெரியாதபடி விளிம்பை வெள்ளியால் மறைத்திருப்பார்கள். அப்படிப்பட்டதற்கு மறுபடி முலாம் பூசுவது அதன் மதிப்பைக் கெடுக்கும்.

கேள்வி: ‘15 காரட்’ என்று குறித்த ஆங்கிலேய ப்ரூச். ஊசியை மாட்ட வெறும் கொக்கிதான், பூட்டு இல்லை. சிவப்புக் கற்கள். எந்தக் காலத்தது?

பதில்: பிரிட்டனில் 15 காரட் என்ற தங்கத் தரம் 1854-இல் வந்தது, 1932-இல் நீக்கப்பட்டது. பூட்டில்லாத கொக்கி பெரும்பாலும் 1900-க்கு முந்தைய பழக்கம். ஊசி முனை கொக்கியைத் தாண்டி நீண்டிருந்தால் இன்னும் பழையதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் கொக்கியடியில் சாம்பல் நிற ஈயப் பற்றவைப்பு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது பழுதுபார்த்த கை. கொக்கியை வைத்து ஆண்டு சொல்லக் கூடாது. கற்களுக்குள் வளைந்த கோடுகளும் வட்டக் குமிழிகளும் தெரிந்தால் அவை செயற்கை மாணிக்கம். அவற்றைச் செய்யும் முறையை பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னூய் வெளியிட்டது 1902-இல். கல் பின்னால் மாற்றப்படாத வரை நகையும் அதற்குப் பிந்தியதே. கல்லின் பின்புறம் மூடியிருந்தால் தண்ணீரில் போடாதீர்கள். உள்ளே பளபளப்புக்கு வைத்த தகடு கறுத்துவிடும், அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

கேள்வி: அன்னப்பறவை முத்திரை உள்ள வெள்ளிக் கிண்ணம் பிரான்ஸில் செய்ததா?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. 1893 முதல் வெளிநாட்டிலிருந்து வந்த, அல்லது எங்கே செய்தது என்று தெரியாத வெள்ளிக்கு பிரான்ஸ் அடித்த முத்திரை அது. கிண்ணம் அதைவிடப் பழையதாகவும் இருக்கலாம். பிரான்ஸிலேயே செய்ததற்கு 1838 முதல் ரோமானியத் தேவதை மினர்வாவின் தலை. பழையவற்றில் பக்கத்தில் 1 என்றால் ஆயிரத்துக்கு 950 பங்கு வெள்ளி, 2 என்றால் 800.