கேள்வி பதில்: குறிப்பு முதலில் வரட்டும்

கேள்வி: ஐயா, ஆறு வருடமாக வேர்ட்பிரஸில் ஒரு சமையல் தளம் நடத்துகிறேன், ஏறக்குறைய 400 குறிப்புகள் இருக்கின்றன. போன வாரம் அம்மா தஞ்சாவூரிலிருந்து போன் செய்து, "உன் பக்கம் திறக்கவே மாட்டேங்குது, வெள்ளையா நிக்குது" என்றார். இங்கே என் கைபேசியில் சட்டென்று வருகிறது. தள வேகத்தை அளக்கும் கூகலின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் போட்டுப் பார்த்தால் கைபேசிக்கு 100க்கு 31 மதிப்பெண்தான். எல்லாவற்றையும் தூக்கிவிடு என்கிறான் தம்பி. காணொளி, தேடல், நாலு பேருக்கான அளவைப் பத்துப் பேருக்கு மாற்றித் தரும் கணக்கி, வாட்ஸ்அப் பொத்தான், மேலே ஓடும் படங்கள், எல்லாமே ஆசையாகச் சேர்த்தவை. எதை வைப்பது, எதை எடுப்பது?
- ஈசூன் (சிங்கப்பூர்) வாசகி

பதில்: அம்மா சொல்வதை நம்புங்கள். உங்கள் போன் அந்தப் பக்கத்தின் படங்களையும் எழுத்துருவையும் முன்பே சேமித்து வைத்திருக்கிறது, வீட்டில் ஃபைபர் இணையம் வேறு, அதனால் உங்கள் தளத்தின் வேகத்தை நீங்கள் பார்த்து முடிவு செய்ய முடியாது. வைஃபையை அணைத்துவிட்டு, மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) திறந்து பாருங்கள், ஓரளவு புரியும்.

31 என்று பயப்பட வேண்டாம். நடுத்தர விலை போன், மெதுவான 4ஜி என்று வைத்துக்கொண்டு அந்தக் கருவி போடும் மதிப்பெண் அது. தளத்துக்குப் போதுமான ஆள் வந்தால், கடந்த 28 நாட்களில் உண்மையான வாசகர்களுக்கு எப்படித் திறந்தது என்பதையும் அதே பக்கத்தில் மேலே காட்டும், அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பக்கத்தின் பெரிய படமோ பத்தியோ 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லிவிநாடிக்குள் அசைய வேண்டும், படிக்கும்போது எழுத்து இடம் மாறிக் குதிக்கக் கூடாது. இந்த மூன்றும் சரியாக இருந்தால் 100 வாங்கியே தீர வேண்டும் என்று அலைய வேண்டியதில்லை.

உங்கள் தம்பி சொல்வது எனக்கு உடன்பாடில்லை. அளவு மாற்றும் கணக்கியை எக்காரணம் கொண்டும் எடுக்காதீர்கள். தீபாவளிக்கு இருபது பேர் வீட்டுக்கு வரும்போது ஒருவர் உங்கள் தளத்தைத் தேடி வருவதே அதற்காகத்தான், அதன் எடையும் சில கிலோபைட்தான் இருக்கும். தேடலும் இருக்கட்டும், 400 குறிப்பில் வேறெப்படித் தேடுவார்கள்? வாட்ஸ்அப் பொத்தானும் வேண்டும், ஆனால் அதற்கென்று போடும் பிளக்இன் (தளத்தில் கூடுதலாகச் சேர்க்கும் நிரல்) பெரும்பாலும் யாரும் தொடாத ஏழெட்டு பொத்தான்களின் நிரல்களையும் கூடவே இழுத்து வரும். அதற்குப் பதில் ஒரு சாதாரண லிங்க் போதும். மேலே ஓடும் படங்களை எடுத்துவிடுங்கள். மனசு கஷ்டப்படும், தெரியும். ஆனால் ரசப்பொடி அளவு பார்க்க வந்தவர், அவருக்குச் சம்பந்தமில்லாத ஐந்து பெரிய படங்கள் இறங்கும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

காணொளி விஷயம் வேறு. யூடியூப் காணொளியை அப்படியே பதித்தால், யாரும் பார்க்கத் தொடங்கும் முன்பே நூற்றுக்கணக்கான கிலோபைட் நிரல் இறங்கிவிடுகிறது. அந்த இடத்தில் வெறும் படத்தை வைத்து, தொட்டால் மட்டும் காணொளி வரும்படி செய்யலாம். அதற்கு இலவசப் பிளக்இன்கள் இருக்கின்றன.

அப்புறம் புகைப்படங்கள். கைபேசியில் எடுத்த படம் 4,000 புள்ளி (பிக்சல்) அகலம், மூன்று நான்கு மெகாபைட். அதை 1,200 புள்ளிக்குக் குறைத்து, வெப்பி (WebP) என்ற எடை குறைந்த பட வடிவில் சேமித்தால் பெரும்பாலும் 200 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும், சாம்பாரின் நிறம் கொஞ்சமும் மாறாது. ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் குறித்து வையுங்கள். இல்லையென்றால் "அரைத் தேக்கரண்டி" என்று படித்துக்கொண்டிருக்கும்போதே படம் வந்து வரியைக் கீழே தள்ளிவிடும். கீழே உள்ள படங்களை வாசகர் நெருங்கும்போது மட்டும் இறக்கும் வேலையை 2020 முதல் வேர்ட்பிரஸ் தானாகவே செய்கிறது. அதே வேலைக்கு இன்னொரு பிளக்இன் போட்டிருந்தால், அது முதல் படத்தையும் தாமதப்படுத்துகிறதா என்று பாருங்கள்.

இனி அந்த வெள்ளைத் திரை. என் சந்தேகம் எழுத்துருமேல்தான். தமிழில் கு, கூ, மு, மூ என்று ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம் வேண்டும், அதனால் அலங்கார எழுத்துருவை இரண்டு மூன்று தடிமனில் போட்டால் நல்ல எடை கூடும். அது வந்து சேரும்வரை பல உலாவிகள் மூன்று விநாடி வரை எழுத்தையே காட்டாமல் வைத்திருக்கும். இன்றைய போன்களில் தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது. குறிப்புக்கு அதையே விட்டுவிட்டு, தலைப்புக்கு மட்டும் உங்களுக்குப் பிடித்த எழுத்துருவை வையுங்கள், அதுவும் வரும்வரை போனின் எழுத்தே தெரியட்டும் என்ற அமைப்போடு.

உங்கள் தளத்தின் கோப்புகள் இருக்கும் சர்வர் அமெரிக்காவில் இருந்தால் தஞ்சாவூருக்கும் தூரம், ஈசூனுக்கும் தூரம். கிளவுட்ஃபிளேர் போன்ற சேவைகள் படங்களின் நகலைச் சிங்கப்பூர், சென்னை உட்படப் பல நகரங்களில் வைத்துக் கொடுக்கின்றன, இலவசத் திட்டமும் உண்டு.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி, அளந்து, அடுத்ததற்குப் போங்கள், இல்லையென்றால் எது உதவியது என்றே தெரியாது. மேலே ஓடும் படங்களும் எழுத்துருவும் முடிந்ததும் அம்மாவைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வேகத்துக்காக மூன்று கேஷ் பிளக்இன் போட்டிருக்கிறேன், இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது. நான்காவது எதைப் போடலாம்?
- பாய லேபார் வாசகர்

பதில்: இரண்டை எடுத்துவிடுங்கள். கேஷ் பிளக்இன் என்பது, ஒருமுறை தயாரான பக்கத்தைச் சேமித்து வைத்து அடுத்தவருக்குச் சட்டென்று கொடுப்பது. மூன்றும் ஒரே பக்கத்தைத் தனித்தனியாகச் சேமிக்கப் பார்த்து ஒன்றோடொன்று மோதும், இதனால் பழைய பக்கமே வாசகருக்குப் போவதும் உண்டு. ஒன்றை மட்டும் வைத்து, அதன் சேமிப்பை ஒருமுறை முழுதாக அழித்துவிட்டுப் பாருங்கள்.