சேலத்துப் படத்தில் ஒரு ஹாலிவுட் இளவரசி

கேள்வி: சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களோடு சேர்ந்து எடுத்த ‘ஜங்கிள்’ படத்தில், எம்.என். நம்பியாருடன் ஹாலிவுட் நடிகை ஒருவரும் நடித்ததாக என் தாத்தா சொல்வார். அவரை ‘பி’ பட நடிகை என்கிறார்களே, இரண்டாந்தர நடிகை என்று பொருளா?
– வாசகி, திருவல்லிக்கேணி, சென்னை

பதில்: தாத்தா சொன்னது சரிதான். அந்த நடிகை மேரி வின்ட்சர். 1952இல் வெளியாகி, தமிழில் ‘காடு’ என்ற பெயரிலும் வந்த அந்தப் படத்தில் அவர் இந்திய இளவரசியாக நடித்தார். யானைகளுக்குக் கம்பளி ரோமம் போர்த்தி, ஆதிகால மாமூத்துகளாகக் காட்டிய படம் அது.

‘பி’ என்ற எழுத்தை நடிப்புக்குப் போட்ட மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் கூட்டம் குறைந்தபோது, அமெரிக்கத் திரையரங்குகள் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம் காட்டின. முதன்மைப் படத்துக்கு வசூலில் பங்கு உண்டு. துணைப் படமான ‘பி’ படத்துக்கோ பெரும்பாலும் முன்பே பேசி முடித்த வாடகை மட்டும்தான். எவ்வளவு நன்றாக எடுத்தாலும் அதற்குமேல் வராது என்பதால், ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும் அளவில், இரண்டு மூன்று வாரங்களுக்குள் எடுத்து முடித்தார்கள். ஒத்திகைக்கும் மறுபடி எடுப்பதற்கும் நேரமில்லாத அந்த அவசரத்தில் தடுமாறாமல் நடிப்பது எளிய காரியமல்ல.

1919இல் யூட்டா மாநிலத்தின் மேரிஸ்வேல் என்ற சிற்றூரில் பிறந்த வின்ட்சருக்கு அவருடைய உயரமே தடையாக இருந்தது. 5 அடி 9 அங்குல நாயகியின் பக்கத்தில் நிற்கப் பல கதாநாயகர்கள் தயங்கினார்கள். சிலர் பெட்டியின் மேல் ஏறி நிற்க வேண்டியிருந்தது. அதனால் பெரிய படங்களின் காதல் நாயகி வேடங்கள் கைநழுவின என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

ஆனால் ‘தி நேரோ மார்ஜின்’ (1952) என்ற ரயில் படத்தில் அவரைக் கண்ட இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக், ‘தி கில்லிங்’ (1956) படத்துக்கு அவரையே அழைத்தார். பணத்தாசை பிடித்த மனைவி வேடம். கணவனாக எலிஷா குக், சிறிய உருவம். வயிறு வலிக்கிறது என்று அவன் சொல்லும்போது, அவனுக்காகச் சிறிதும் பதறாமல் அவள் ஏளனமாகப் பதில் சொல்லும் காட்சியைச் சென்னையில் ஒரு திரைப்படச் சங்கத் திரையிடலில் பார்த்தேன். குரலை உயர்த்தாமலே ஒரு மனிதனைக் குறுக வைக்கும் அந்த நடிப்பில், எந்த உயரத்தைக் குறையென்றார்களோ அதுவே அவருக்கு வலிமையாக நின்றது. அந்த வேடத்துக்காக ‘லுக்’ பத்திரிகையின் சிறந்த துணை நடிகை விருதும் கிடைத்தது.

தொலைக்காட்சி பரவி ‘பி’ படங்கள் மறைந்த பிறகும் சின்னத்திரையில் அவர் தொடர்ந்து நடித்தார். அமெரிக்க நடிகர் சங்கப் பொறுப்பிலும் நெடுங்காலம் இருந்தார். 81ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், 2000 டிசம்பர் 10 அன்று காலமானார்.