எழுந்ததும் குனியலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள தம்பிக்கு,

கானாடுகாத்தானிலிருந்து எழுதுகிறேன். வயது அறுபத்தொன்று. பெங்களூரில் இருக்கும் மகள் தினமும் ஒரு யோகா வீடியோ அனுப்புகிறாள். பிரம்ம முகூர்த்தத்தில், வெறும் வயிற்றில் செய்தால்தான் பலனாம். காபிகூடக் கூடாதாம். நானும் நாலரைக்கு எழுந்து, முகம் கழுவின கையோடு வளவில் (முற்றத்தில்) நின்று, குனிந்து கையால் பாதத்தைத் தொடுகிற பாதஹஸ்தாசனம் செய்கிறேன். இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். எங்கள் செட்டியார், அதாவது என் வீட்டுக்காரர், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். அவரும் கூடவே உட்கார்ந்து, வயிற்றை உதறி மூச்சை வெளியே தள்ளுகிற கபாலபாதி செய்கிறார். காலையில் செய்வதில் அப்படி என்னதான் இருக்கிறது? சாயங்காலம் செய்தால் ஆகாதா?

– ஒரு வாசகி

அன்புள்ள ஆச்சி,

ஆகும். ஆனால் முதலில் உங்கள் இடுப்பைப் பார்ப்போம்.

படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி உள்ள டிஸ்க்குகள் மேல் பாரம் இல்லை. அவை ராத்திரி முழுக்க நீரை இழுத்து உப்பிக்கொள்கின்றன. காலையில் அளந்தால் ராத்திரியைவிட ஒரு சென்டிமீட்டர் கூடுதல் உயரம் இருப்போம், அது இதனால்தான். உப்பின டிஸ்க்கோடு குனிந்தால் அதன்மேல் விழும் அழுத்தம் மிக அதிகம். எழுந்து நடமாடிய முதல் ஒரு மணி நேரத்தில்தான் அந்த நீர் பெருமளவு இறங்குகிறது. 1998-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், நாள்பட்ட இடுப்புவலிக்காரர்களை விடிகாலையில் குனியாமல் இருக்கச் சொன்னார்கள். வேறு வைத்தியம் இல்லாமலே வலி குறைந்தது. நீங்கள் செய்தது நேர் எதிர். நல்ல ஆசனம்தான், நேரம் தப்பு.

அதனால் எழுந்ததும் நடங்கள். கையைத் தூக்கி இறக்குங்கள், தோளைச் சுற்றுங்கள், மூச்சுப் பயிற்சி செய்யுங்கள். குனிகிற ஆசனங்கள் ஒரு மணி நேரம் கழித்து. இடுப்பை மடக்கிக் கோலம் போடுகிறவர் என்றால் அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இதைப் படித்துவிட்டு யோகாவே வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். 2017-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற டாக்டர்கள் சங்கம் வெளியிட்ட வழிகாட்டி, நாள்பட்ட இடுப்புவலிக்கு மாத்திரைக்கு முன்னால் முயன்று பார்க்க வேண்டியவற்றில் யோகாவையும் சேர்த்திருக்கிறது.

சரி, காலைக்கு என்ன பெருமை? நம் ஊர் வெயில் முதல் காரணம். பங்குனி பிறந்துவிட்டால் ஒன்பது மணிக்கு மேல் கையைக் காலை ஆட்டவே மனசு வராது. இரண்டாவது, வயிறு தானாகவே காலியாக இருக்கிறது. இடியாப்பமும் குருமாவும் சாப்பிட்ட பிறகென்றால் மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். மூன்றாவது, வெளிச்சம். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உடம்பின் கடிகாரம் சரியாக ஓடும், ராத்திரி நேரத்தோடு தூக்கம் வரும். ஜன்னலை மூடி ஏசி போட்ட பெங்களூர் அறையைவிட, வானம் தெரிகிற உங்கள் முற்றம் இதற்கு எவ்வளவோ மேல். நான்காவதாக நான் சொல்வது எந்த ஆய்விலும் இருக்கத் தேவையில்லை: அந்த நேரத்தில் உங்களை யாரும் கூப்பிட மாட்டார்கள். பிரஷரும் சர்க்கரையும் யோகாவால் ஓரளவு குறைவது உண்மை. அது விடாமல் செய்வதால் வருவது, மணியைப் பார்த்து வருவதில்லை.

பிரம்ம முகூர்த்தம் என்பது சூரியன் உதிக்க ஒரு மணி முப்பத்தாறு நிமிடம் முன்னால் தொடங்கி நாற்பத்தெட்டு நிமிடம் நீடிப்பது. சூரியன் உதிக்கும் நேரம் மாதத்துக்கு மாதம் மாறுவதால், நம் பக்கம் ஏறக்குறைய நாலேகாலிலிருந்து ஐந்தேமுக்கால் வரைக்குள் வந்து போய்விடும். ராத்திரி ஒன்பதுக்குப் படுக்கிறவருக்குச் சரி. சீரியல் முடித்துப் பதினொன்றுக்குப் படுத்துவிட்டு நாலரைக்கு எழுவது தூக்கத்தைத் திருடுவது. தூக்கம் கெட்டாலே பிரஷர் ஏறும், சர்க்கரையும் ஏறும். ஆறு மணிக்குச் செய்யுங்கள், போதும்.

சாயங்காலம் செய்தால் குற்றம் என்று மகள் சொன்னால் திருமூலரைக் காட்டுங்கள். திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தில் ஒரு பாட்டு உண்டு. அந்தியில் செய்தால் கபம் போகும், மத்தியானம் செய்தால் வாதம் போகும், காலையில் செய்தால் பித்தம் போகும் என்கிறது. யோகத்தைப் பற்றியது என்றே பலரும் பொருள் கொள்கிறார்கள். கபம், வாதக் கணக்கை நான் அப்படியே ஏற்கச் சொல்லவில்லை. ஆனால் அவரே மூன்று வேளைக்கும் இடம் கொடுத்திருக்கிறார், நாம் ஏன் ஒன்றைப் பிடித்துத் தொங்க வேண்டும்?

காபி அரை டம்ளர் குடித்துவிட்டு அரை மணி நேரம் கழித்து ஆரம்பியுங்கள். ஒன்றும் ஆகாது. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவராக இருந்தால் மட்டும், வெறும் வயிற்றில் செய்யலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

செட்டியார் விஷயம்தான் எனக்குக் கவலை. எழுந்த பிறகு ரத்த அழுத்தம் தானாகவே ஏறுகிற நேரம் அது. மாரடைப்பும் காலை வேளையில்தான் அதிகம் வருகிறது. பிரஷர் உள்ளவர் அப்போது வயிற்றை உதறி உதறி மூச்சு விடுவது வேண்டாத வேலை. கபாலபாதியை நிறுத்தச் சொல்லுங்கள். மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுகிற மூச்சு அவருக்குப் போதும்.

அப்புறம், தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்த ஆத்தங்குடிக் கல் தரையில் கோரைப்பாய் வழுக்கும். ரப்பர் விரிப்பு வாங்கிக்கொள்ளுங்கள். வலி இடுப்போடு நிற்காமல் காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ எல்லா ஆசனத்தையும் நிறுத்திவிட்டுக் காரைக்குடியில் எலும்பு டாக்டரைப் பாருங்கள். மகளிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.