டிவிடி டிரைவ் இல்லாத மடிக்கணினி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (கோவை வாசகர்): புது மடிக்கணினி வாங்கக் கடை கடையாக ஏறி இறங்கினேன். எதிலும் டிவிடி டிரைவ் இல்லை. செலவை மிச்சப்படுத்தத்தான் நிறுவனங்கள் இதை எடுத்துவிட்டனவா?

பதில்: செலவும் ஒரு காரணம்தான் என்றாலும், முதல் காரணம் இடம். மடிக்கணினிக்கான டிவிடி டிரைவின் தடிமன் நெடுங்காலம் 12.7 மி.மீ. ஆக இருந்து, பிறகு 9.5 மி.மீ. ஆகக் குறைந்தது. தடிமன் குறைந்தாலும் அகலம் குறையாது. வட்டின் விட்டம் 12 செ.மீ. என்பது 1982-இல் சிடி விற்பனைக்கு வந்தபோதே நிலைபெற்றுவிட்ட அளவு என்பதால், அதைத் தாங்கும் தட்டும் சுழற்றும் மோட்டாரும் லேசர் தலை நகரும் பாதையும் சேர்ந்து கணினியின் அடிப்பாகத்தில் ஒரு பெரும் பகுதியைப் பிடித்துக்கொண்டன. 2008 ஜனவரியில் ஆப்பிள் வெளியிட்ட மேக்புக் ஏர், தடித்த இடத்திலும் 2 செ.மீ.க்குள் அடங்கியது, அதில் இந்த டிரைவ் கிடையாது. 2011-இல் இன்டெல் முன்வைத்த அல்ட்ராபுக் வகையும் மெலிவையே இலக்காகக் கொண்டது. 2012-இல் ரெட்டினா திரையுடன் வந்த மேக்புக் ப்ரோவிலும் டிரைவ் இல்லாமற்போன பிறகு, மற்ற நிறுவனங்களுக்குத் தயக்கம் விலகிவிட்டது. காலியான இடம் பெரும்பாலும் பேட்டரிக்குப் போயிற்று. பலருக்கு அது நல்ல பண்டமாற்று என்றே கருதுகிறேன்.

டிரைவின் தேவையும் அதே ஆண்டுகளில்தான் தேய்ந்தது. மென்பொருள்களும் விளையாட்டுகளும் இணையத்தின் வழியே இறங்கத் தொடங்கின, 4.7 ஜிபி டிவிடியைவிடப் பல மடங்கு கொள்ளளவுள்ள பென் டிரைவ்கள் மலிந்தன. நிறுவனங்கள் எடுத்த முடிவில் பெரிய தவறு இல்லை. வீட்டு அலமாரியில் அடுக்கியிருக்கும் வட்டுகளைத்தான் நாம் இப்போது கவனிக்க வேண்டும்.

கேள்வி (திருநெல்வேலி வாசகி): எங்கள் திருமண வீடியோ நான்கு டிவிடிகளில் இருக்கிறது. வெளியில் செருகும் டிரைவ் வாங்கினேன்; வட்டைப் போட்டால் ‘டக் டக்’ என்ற சத்தத்தோடு நின்றுவிடுகிறது. டிரைவ் பழுதா?

பதில்: பழுது என்று முடிவுகட்டும் முன் மின்சாரத்தைச் சரிபாருங்கள். பழைய யு.எஸ்.பி. 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர் மட்டுமே. நின்றிருக்கும் வட்டைச் சுழலவைக்கும் அந்த முதல் சில நொடிகளில் மோட்டாருக்கு அதைவிடக் கூடுதலான மின்னோட்டம் தேவைப்படலாம். அது கிடைக்காதபோது டிரைவ் சுழலத் தொடங்கி, தளர்ந்து, மீண்டும் முயலும். நீங்கள் கேட்கும் சத்தம் அதுவாகவே இருக்கக்கூடும். பல துளைகள் உள்ள ஹப் வழியாக இணைத்திருந்தால் அதை விலக்கிவிட்டு, டிரைவை நேரடியாகக் கணினியிலேயே, இயன்றால் யு.எஸ்.பி. 3.0 துளையில் செருகுங்கள். டிரைவுடன் இரண்டு முனை கொண்ட கேபிள் வந்திருந்தால் இரண்டையும் செருக வேண்டும். இரண்டாவது முனை மின்சாரத்துக்கென்றே இருப்பது.

வட்டு ஓடத் தொடங்கியதும், படம் பார்ப்பதற்கு முன் நகல் எடுத்துவிடுங்கள். வட்டினுள் ‘வீடியோ_டிஎஸ்’ என்ற கோப்புறை இருக்கும். படம் முழுவதும் அதற்குள் ஏறத்தாழ 1 ஜிபி அளவுள்ள துண்டுகளாகப் பிரிந்து கிடக்கும். துண்டுகளைத் தனித்தனியே எடுக்காமல் கோப்புறையை அப்படியே பிரதி செய்யுங்கள். ஸ்டுடியோக்காரர்கள் எழுதித் தரும் வட்டுகளில் பொதுவாக நகல் தடை இருக்காது என்பதால், இதற்குத் தனி மென்பொருள் வேண்டியதில்லை. நகலை இரண்டு இடங்களில் வையுங்கள். அவற்றுள் ஒன்று வீட்டுக்கு வெளியே இருப்பது நல்லது.

கேள்வி (திருச்சி வாசகர்): என் தாயாரின் எம்.ஆர்.ஐ. ஸ்கேனை சிடியில் கொடுத்தார்கள். மருத்துவரின் கணினியிலும் சிடி டிரைவ் இல்லை. படங்களைக் கைப்பேசியில் புகைப்படம் எடுத்து அனுப்பலாமா?

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த வட்டில் இருப்பவை சாதாரணப் படங்கள் அல்ல, டைகாம் என்ற மருத்துவ வடிவக் கோப்புகள். மருத்துவர் வெளிச்சத்தையும் மாறுபாட்டையும் கூட்டிக் குறைத்தும், ஒவ்வொரு அடுக்காக நகர்த்தியும், அளவெடுத்தும் பார்ப்பதற்கான தரவு அவற்றுக்குள்தான் இருக்கிறது. திரையைப் புகைப்படம் எடுத்தால் அதெல்லாம் போய்விடும். டிரைவ் உள்ள ஒரு கணினியில் வட்டின் உள்ளடக்கம் முழுவதையும் ஒரே கோப்புறையாகப் பென் டிரைவுக்கு மாற்றுங்கள். கோப்புகளுக்குப் பெயரே விளங்காது, பின்னொட்டும் இருக்காது. அதற்காக எதையும் பெயர் மாற்றவோ நீக்கவோ கூடாது. வட்டில் கூடவே வரும் பார்வை மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸில் மட்டுமே ஓடும். மற்றக் கணினிகளுக்கு வீசிஸ் என்ற கட்டற்ற மென்பொருள் உதவும். அடுத்த முறை ஸ்கேன் எடுக்கும்போது, இணைய இணைப்பாகத் தர முடியுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம் வாசகர்): பத்து ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரமாக வைத்திருந்த சிடிகள் சில இப்போது படிக்கவில்லை. அடிப்புறத்தில் ஒரு கீறல்கூட இல்லையே?

பதில்: மேற்புறத்தைப் பாருங்கள். சிடியின் அடிப்புறத்தில் 1.2 மி.மீ. தடிமனுள்ள பாலிகார்பனேட் என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் இருக்கிறது. தரவைத் தாங்கும் சாயமும் அதன் மேலுள்ள உலோகப் படலமும் பெயர் எழுதும் பக்கத்தை ஒட்டி, மெல்லிய அரக்குப் பூச்சுக்குக் கீழேதான் இருக்கின்றன. அடிப்புறத்தில் கீறல் விழுந்தாலும் வட்டு பல நேரங்களில் தப்பிவிடும். மேற்புறத்தில் விழும் சிறு கீறலோ, ஒட்டியிருந்த காகிதத்தை உரித்தபோது கூடவே பெயர்ந்த படலமோ தரவையே கொண்டுபோய்விடும். வட்டை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால், படலம் போன இடங்களில் ஊசித் துளைகளாக ஒளி தெரியும். டிவிடியில் தரவு 0.6 மி.மீ. தடிமனுள்ள இரு தகடுகளுக்கு நடுவில் இருப்பதால் இந்த ஆபத்து குறைவு.

படலம் சிதையாத வட்டுக்கு நம்பிக்கை உண்டு. வீட்டில் எழுதிய வட்டுகளின் சாயம் வெயிலிலும் வெப்பத்திலும் ஈரத்திலும் மங்குகிறது. மங்கிய வட்டை ஒரு டிரைவ் மறுத்தாலும் வேறொரு நிறுவனத்தின் டிரைவ் படிக்கக்கூடும், எனவே இரண்டு மூன்றில் போட்டுப் பாருங்கள். துடைப்பதானால் மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் அதனால் விழும் கீறல் தரவுப் பாதையை ஒட்டியே ஓடி, பிழைதிருத்தும் முறைக்கு எட்டாமற்போகும். பிறகும் பிடிவாதம் பிடித்தால், லினக்ஸில் கிடைக்கும் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள், படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, மற்றவற்றைத் திரும்பத் திரும்ப முயலும். இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். எழுதக்கூடிய புளூ-ரே வட்டுகளின் உற்பத்தியை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. நல்ல டிரைவ்களும் இன்று போல் என்றும் எளிதில் கிடைக்கும் என்று எண்ணுவதற்கில்லை.

கேள்வி (சேலம் வாசகர்): பழைய மடிக்கணினியின் டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு அங்கே எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்தைப் பொருத்தலாமா?

பதில்: பொருத்தலாம், அதற்கென்றே கேடி என்ற சட்டகம் விற்கிறார்கள். உங்கள் டிரைவ் 12.7 மி.மீ. வகையா, 9.5 மி.மீ. வகையா என்று அளந்து வாங்குங்கள். எஸ்எஸ்டியை ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்திலும், ஹார்ட் டிஸ்க்கைச் சட்டகத்திலும் வைப்பதே என் பரிந்துரை, ஏனெனில் சில மாதிரிகளில் டிரைவுக்கான இணைப்பின் வேகம் குறைவு.

கேள்வி (மதுரை வாசகி): டிவிடியில் படம் இருப்பது தெரிகிறது, ஆனால் விண்டோஸில் ஓடவில்லை.

பதில்: விண்டோஸ் 8 முதல் டிவிடி படம் இயக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் விட்டுவிட்டது. விஎல்சி என்ற இலவசப் படம் இயக்கும் மென்பொருளை நிறுவினால் போதும். 4கே புளூ-ரே வட்டு மட்டும் வேறு கதை: அதற்குத் தேவையான எஸ்ஜிஎக்ஸ் பாதுகாப்பு வசதியை இன்டெல் தன் 11-ஆம் தலைமுறை கோர் செயலிகளிலிருந்து நீக்கிவிட்டதால், புதிய மடிக்கணினியில் எந்த டிரைவை இணைத்தாலும் உரிமம் பெற்ற மென்பொருளில் அது ஓடாது, அதற்குத் தொலைக்காட்சியுடன் இணைக்கும் தனி பிளேயரையே வாங்குங்கள்.