பாட்டி, பேரன், கைக்குழந்தை: என்ன வாங்குவது?

வணக்கம் சகோதரி. ஆட்டிசம் உள்ள 7 வயதுப் பையன், மறதி நோய் வந்த 80 வயதுப் பாட்டி, தவழும் 8 மாதக் குழந்தை என ஒரே வீட்டில் மூன்று பேருக்கும் தொட்டும் முகர்ந்தும் மகிழ ஏதாவது வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் பையனின் அம்மாவிடம் கேளுங்கள், அவனுக்கு எது பிடிக்கும், எதைக் கண்டால் மிரள்வான் என்று. மிக்சி சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைக்குப் பாட்டுப் பாடும் பொம்மை வேதனைதான். எதையாவது பிசைந்துகொண்டே இருப்பான் என்றால் விளையாட்டு மாவு சரியாக இருக்கும். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் கலர் மணிகள் மட்டும் வேண்டவே வேண்டாம். குழந்தை ஒன்றை விழுங்கினாலும் வயிற்றுக்குள் பெருத்துக் குடலை அடைத்துவிடக்கூடும்.

குழந்தைக்கு, கழன்று விழும் பாகம் இல்லாத, கர்நாடகத்துச் சன்னபட்டணா ஊர் மரக் கிலுகிலுப்பை போதும்.

பாட்டிக்குத்தான் நன்றாக யோசித்து வாங்க வேண்டும். இந்த நோயில் பலருக்குக் கை சும்மா இருக்காது, முந்தானையைத் திருகிக்கொண்டே இருப்பார்கள். மடியில் விரிக்கும் அளவுக்கு ஒரு துணி தைத்துக் கொடுங்கள். பழைய பட்டுப்புடவையின் ஜரிகைக் கரை, வெல்வெட் துண்டு, ஒரு ஜிப், ஒரு குஞ்சம். எல்லாவற்றையும் பிய்க்க முடியாதபடி அழுத்தித் தையுங்கள். கரை அவருடைய புடவையிலிருந்தே கிடைத்தால் இன்னும் நல்லது. வெட்டிவேர் விசிறியும் கொடுக்கலாம், தண்ணீர் தெளித்தால் மணக்கும். ஆனால் மறதி நோயில் மோப்பமும் குறைவதுண்டு, அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

அப்புறம், பையனின் பரிசைச் சரசரக்கும் காகிதத்தில் சுற்றாமல் துணிப்பையில் போட்டுக் கொடுங்கள். உள்ளே என்ன என்று முன்பே சொல்லிவிடுங்கள்.